கல்யாண சிடி, காதுகுத்து டிவிடி: கெட்டுப்போவதற்குள் எம்பி4 ஆக்கி வைப்பது எப்படி?

எங்கள் வீட்டு அலமாரியில் 23 சிடி, டிவிடிகள் இருந்தன. 2004-இல் நடந்த அக்கா கல்யாணம் மூன்று சிடி. தம்பி மகள் காதுகுத்து, அப்பாவின் அறுபதாம் கல்யாணம், வீடு பால் காய்ச்சியது எல்லாம் டிவிடி. போன வருடம் அக்கா மகள் "நம்ம ஆச்சி எப்படி இருப்பாங்க, எப்படிப் பேசுவாங்க?" என்று கேட்டாள். ஆச்சி இறந்தது 2012-இல். அவர் நடமாடும் காட்சி இந்த சிடிகளில் மட்டும்தான் இருக்கிறது. எடுத்துப் போட்டுப் பார்க்க வீட்டில் பிளேயரும் இல்லை, லேப்டாப்பில் டிரைவும் இல்லை.

சரி என்று எல்லாவற்றையும் ஒரு கடையில் கொடுத்தேன். ஒன்றுக்கு 250 ரூபாய், மொத்தம் 5,750. பத்து நாள் கழித்து ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார்கள். எல்லார் முகமும் பக்கவாட்டில் இழுத்தாற்போல் அகலமாக இருந்தது. யாராவது கையை அசைத்தால் விரல்கள் சீப்புப் பல்லாகப் பிரிந்தன. ஒரு மணி நேரப் படத்தை 300 எம்பிக்குள் அடக்கியதில், வாசலில் நின்று சந்தனம் கொடுக்கும் ஆச்சியின் முகம் வெறும் பழுப்புத் திட்டாக ஆகிவிட்டது. ஒரு டிவிடியின் பின்பாதி வரவே இல்லை. அதன் பிறகு மூன்று வார இறுதிகள் உட்கார்ந்து எல்லாவற்றையும் நானே திரும்பச் செய்தேன். அப்போது தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். கணினியில் ஃபைலைக் காப்பி செய்யத் தெரிந்தால் போதும், நீங்களும் செய்யலாம்.

1. முதலில் எண்ணுங்கள், எழுதுங்கள்

வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேருங்கள். பெரியப்பா வீட்டில், அத்தை வீட்டில் கேளுங்கள். ஒரே கல்யாண சிடியின் இன்னொரு நகல் அங்கே இருக்கலாம். உங்களுடையது கீறலாக இருந்து அவர்களுடையது சுத்தமாக இருந்தால் பாதி வேலை மிச்சம்.

ஒரு நோட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுங்கள். விசேஷம், வருடம், உறையில் எழுதியிருப்பது, யாரிடமிருந்து வந்தது, நிலைமை எப்படி என்று ஒரு வரி போதும். எண்ணை உறையின் மேல் எழுதுங்கள். சிடியின் மேல் பால்பாயிண்ட் பேனா வைத்து எழுதவே கூடாது. சிடியில் பதிவு இருக்கும் படலம் அச்சடித்த பக்கத்துக்கு மிக அருகில் இருக்கிறது. மேலே அழுத்தினாலோ, ஸ்டிக்கரைப் பிய்த்தாலோ படலமே உரிந்து வந்துவிடும். டிவிடியில் அது இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் கொஞ்சம் பாதுகாப்பு. ஆனாலும் ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள்.

2. எந்த வகை என்று பாருங்கள்

நாம் பொதுவாக எல்லாவற்றையும் சிடி என்றுதான் சொல்கிறோம். ஆனால் செய்முறை வகைக்கு வகை மாறும். கணினியில் போட்டு ஃபோல்டரைத் திறந்து பாருங்கள்.

'வீடியோ டிஎஸ்' என்ற பெயரில் ஃபோல்டர் இருந்தால் அது டிவிடி. உள்ளே விஓபி என்று முடியும் ஃபைல்கள் இருக்கும். நம் ஊர் டிவிடியில் படம் 720க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 நிலைப்படம். அமெரிக்கா, கனடாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் அனுப்பியதானால் 720க்கு 480 ஆக இருக்கும். கணினிக்கு இரண்டும் ஒன்றுதான், கவலை வேண்டாம்.

'எம்பெக்ஏவி' என்ற ஃபோல்டரும் அதற்குள் டேட் என்று முடியும் ஃபைலும் இருந்தால் அது விசிடி, அதாவது வீடியோ சிடி. படம் 352க்கு 288 புள்ளிதான். ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகக் கொள்ளும். கல்யாணம் இரண்டு மூன்று சிடியாகப் பிரிந்து வந்ததற்குக் காரணம் இதுதான்.

உள்ளங்கை அளவுக்குச் சின்னதாக, எட்டு சென்டிமீட்டர் அகலத்தில் இருந்தால் அது கேமராவிலேயே பதிவான மினி டிவிடி. 1.4 ஜிபி, ஏறத்தாழ அரை மணி நேரம். தட்டு வெளியே வரும் டிரைவில் மட்டும் போடுங்கள், நடுவில் அதற்கென்று சின்ன வட்டப் பள்ளம் இருக்கும். வாய் போல் உள்ளே இழுத்துக்கொள்ளும் டிரைவில் போட்டால் மாட்டிக்கொள்ளும்.

சில சமயம் கணினி 'வெற்று டிஸ்க்' என்று காட்டும். உடனே தூக்கிப் போடாதீர்கள், ஃபார்மட் செய்யவும் செய்யாதீர்கள். அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுவிலிருந்து கொஞ்ச தூரம் ஒரு நிறமும் அதற்கு வெளியே வேறு நிறமுமாக வளையம் தெரிந்தால் உள்ளே பதிவு இருக்கிறது. பதிவு செய்த பிறகு அதை முடித்து மூடும் 'ஃபைனலைஸ்' வேலையைச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். பதிவு செய்த கேமராவோ ரெக்கார்டரோ இன்னும் வீட்டில் இருந்தால் அதில் போட்டு ஃபைனலைஸ் கொடுத்தால் போதும்.

3. என்னென்ன வேண்டும், எவ்வளவு ஆகும்

யுஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்று. ஆன்லைனில் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. எனக்கு 1,450 ஆனது. அதை லேப்டாப்பில் நேராகச் செருகுங்கள். மின்சாரம் போதாமல் போவதால், ஒரு துளையைப் பலவாக்கும் ஹப் வழியாகப் போட்டால் அடிக்கடி நின்றுவிடும்.

இடம் எவ்வளவு வேண்டும் என்று முன்பே கணக்குப் போடுங்கள். ஒரு டிவிடி அதிகபட்சம் 4.7 ஜிபி. கணினி இதையே 4.38 என்று காட்டும், குறைந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். இரட்டை அடுக்கு டிவிடியானால் 8.5 ஜிபி. எனக்கு 14 டிவிடிக்கு முழு நகல் 60 ஜிபியும் ஒன்பது விசிடிக்கு 6 ஜிபியும் சுருக்கிய ஃபைல்களுக்கு 17 ஜிபியும் ஆயின. பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று வீட்டில் இருந்தாலே போதும்.

மென்பொருள் எல்லாம் இலவசம். பார்ப்பதற்கு விஎல்சி, முழு நகல் எடுக்க இம்ஜிபர்ன், சுருக்க ஹேண்ட்பிரேக். தேடும்போது மேலே வரும் விளம்பரத்தைச் சொடுக்காதீர்கள், போலித் தளங்கள் நிறைய. ஹேண்ட்பிரேக்கின் சொந்தத் தளம் டாட் எஃப்ஆர் என்று முடியும். விண்டோஸில் முதல் முறை திறக்கும்போது டாட்நெட் என்ற துணை மென்பொருள் வேண்டும் என்று கேட்டால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்குங்கள். இம்ஜிபர்ன் நிறுவும்போது கூடவே வேறு மென்பொருளைப் போடவா என்று கேட்டால் டிக்கை எடுத்துவிடுங்கள். "டிவிடி கன்வெர்ட்டர், பாதி விலை" என்று வரும் எதையும் வாங்க வேண்டாம். வீட்டு டிவிடியில் பூட்டு எதுவும் கிடையாது, காசு கொடுத்துத் திறக்க அதில் ஒன்றுமில்லை.

4. துடைப்பது

பஞ்சு போன்ற மெல்லிய துணி, கொஞ்சம் சுத்தமான தண்ணீர். நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் தேய்த்தால் வரும் கீறல் பதிவு ஓடும் பாதையிலேயே நீளமாக விழும், டிரைவால் அதைத் தாண்ட முடியாது. பற்பசை, தேங்காய் எண்ணெய் என்று யார் சொன்னாலும் வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள்.

5. சுருக்குவதற்கு முன்னால் முழு நகல்

எல்லாரும் தாவிப் போய்விடும் இடம் இது. நானும் முதலில் டிவிடியை டிரைவில் வைத்துக்கொண்டே நேராகச் சுருக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு முறை அமைப்பு தப்பாகும்போதும் அதே பழைய டிவிடியைத் திரும்பச் சுற்றவிட வேண்டியதாயிற்று. இருபது வருடம் ஆன டிவிடி இன்றைக்குப் படிக்கும், அடுத்த மாதம் படிக்கும் என்று சொல்ல முடியாது. எனவே ஒரே ஒரு முறை சுற்றவிட்டு, உள்ளிருப்பதை அப்படியே கணினிக்குள் எடுத்துவிடுங்கள். பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் தப்புச் செய்து திருத்தலாம்.

டிவிடிக்கு: இம்ஜிபர்னில் டிஸ்கிலிருந்து இமேஜ் ஃபைல் (டிஸ்க்கின் முழு நகல்) உருவாக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். படிக்கும் வேகத்தைக் குறைத்து வையுங்கள், பழைய டிஸ்க்குகள் மெதுவாகச் சுற்றினால்தான் நன்றாகப் படிக்கும். கடைசியில் ஐஎஸ்ஓ என்று முடியும் ஒரே ஃபைல் கிடைக்கும். எனக்கு ஒன்றுக்குப் பதினைந்திலிருந்து இருபத்தைந்து நிமிடம் ஆனது. ஃபைலின் பெயரில் நோட்டில் கொடுத்த எண்ணைச் சேருங்கள்.

விசிடிக்கு: டேட் ஃபைல்களை அப்படியே ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்தால் போதும். விசிடிக்கு ஐஎஸ்ஓ ஒத்துவராது. காப்பி பாதியில் நின்றால் இம்ஜிபர்னில் எடுங்கள், அது 'பின்' என்று முடியும் ஒன்றும் 'கியூ' என்று முடியும் ஒன்றுமாக இரண்டு ஃபைலாகத் தரும். இரண்டையும் பிரிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று சொல்கிறேன். டிவிடிக்குள் இருக்கும் விஓபி ஃபைல்களைத் தனித்தனியாக எடுத்து ஒவ்வொன்றையும் மாற்றாதீர்கள். அவை ஒரே படத்தை ஒவ்வொரு ஜிபிக்கும் வெட்டி வைத்த துண்டுகள். முகூர்த்தத்தின் நடுவில் கூட வெட்டு விழுந்திருக்கும். தனித்தனியாக மாற்றினால் இணைப்பில் படம் குதிக்கும், சத்தம் உதட்டோடு ஒட்டாமல் போகும். கடை செய்தது இதுதான். பின்பாதி காணாமல் போனதும் இதனால்தான், இரண்டு துண்டை விட்டுவிட்டார்கள்.

இன்னொன்று: பழைய பென் டிரைவ், ஹார்ட் டிஸ்க் சில ஃபேட்32 அமைப்பில் இருக்கும். அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் ஏறாது. ஐஎஸ்ஓ ஏற மறுத்தால், அதில் இருப்பதை வேறு இடத்தில் பத்திரப்படுத்திவிட்டு எக்ஸ்ஃபேட் என்ற அமைப்பில் ஃபார்மட் செய்யுங்கள்.

6. படிக்க மறுக்கும் டிஸ்க்குகள்

அப்பாவின் அறுபதாம் கல்யாண டிவிடி 62 சதவீதத்தில் நின்றது. டிரைவ் கிர்ர் கிர்ர் என்று சத்தம் போட்டுவிட்டு அப்படியே உறைந்தது. இந்த நிலையில் திரும்பத் திரும்ப முயன்று டிஸ்க்கைச் சூடாக்க வேண்டாம்.

முதலில் வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படிப்பது சாதாரணமாக நடக்கும். நண்பர் வீட்டுப் பழைய டெஸ்க்டாப்பில் இருக்கும் பெரிய டிரைவ் இதற்கு மிக நன்று.

அதிலும் முடியாவிட்டால் டிடிரெஸ்க்யூ. இது விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸில் ஓடும் இலவசக் கருவி. லினக்ஸை பென் டிரைவில் போட்டு அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம், உங்கள் விண்டோஸை எதுவும் செய்யாது. கட்டளை ஒரே வரி: டிரைவின் பெயர், எழுத வேண்டிய ஐஎஸ்ஓவின் பெயர், மேப் ஃபைலின் பெயர், இந்த வரிசையில். பிளாக் அளவை 2048 என்று கொடுங்கள். இது எளிதாகப் படிக்கும் இடங்களை முதலில் எடுத்துவிடும், அடம்பிடிக்கும் இடங்களைக் கடைசிக்குத் தள்ளி வைத்துத் திரும்பத் திரும்ப முயலும். எது கிடைத்தது, எது பாக்கி என்று மேப் ஃபைலில் குறித்துக்கொண்டே போகும். அதனால் நடுவில் நிறுத்தலாம், நாளை தொடரலாம். எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி, அதே மேப் ஃபைலோடு வேறு டிரைவுக்கு மாற்றியும் தொடரலாம். எனக்கு முதல் டிரைவ் ஓர் இரவு முழுக்க ஓடி 38 எம்பியை விட்டுவைத்தது. மறுநாள் நண்பரின் டிரைவில் தொடர்ந்தபோது பாக்கி 2 எம்பிக்குக் குறைந்தது. படத்தில் அது பந்தியின்போது இரண்டு மூன்று நொடி கட்டம் கட்டமாகச் சிதறுவதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அப்பா அம்மாவுக்கு மாலை போடுவது முழுசாக வந்துவிட்டது.

7. சுருக்குவது

இப்போது ஹேண்ட்பிரேக்கைத் திறந்து ஐஎஸ்ஓவை உள்ளே இழுத்துப் போடுங்கள். அது கொஞ்ச நேரம் துழாவிவிட்டு 'டைட்டில்' பட்டியலை, அதாவது டிவிடிக்குள் தனித்தனியாக இருக்கும் படங்களின் பட்டியலைக் காட்டும். இங்கே கவனம். தானாக ஒன்றைத்தான் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும். வீடியோகாரர்கள் நிச்சயதார்த்தம், முகூர்த்தம், வரவேற்பு என்று தனித்தனி டைட்டிலாகப் போட்டிருப்பார்கள். பட்டியலில் உள்ள எல்லாவற்றின் நேரத்தையும் பார்த்து, வேண்டியவை ஒவ்வொன்றையும் கியூவில் (அடுத்தடுத்துச் செய்யும் வரிசையில்) சேருங்கள்.

தயார் அமைப்புகளில் 'ஃபாஸ்ட் 576பி25' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் நான்கு மாற்றம் செய்தால் போதும்.

அளவு. 'டைமென்ஷன்ஸ்' பக்கத்தில் அனமார்ஃபிக் என்பது ஆட்டோமேட்டிக் ஆக இருக்கட்டும், படத்தின் அகல உயர விகிதத்தைக் காப்பது அதுதான். ஓரத்தை வெட்டும் கிராப்பிங்கை 'நன்' என்று வையுங்கள். 1080க்குப் பெரிதாக்கினால் தெளிவாகும் என்று நினைக்காதீர்கள். இல்லாத விவரம் வராது, ஃபைல்தான் வீங்கும்.

சீப்புப் பல். டிவிடியில் ஒவ்வொரு ஃபிரேமும் ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி என்று இரண்டு பாதியாகப் பதிவாகியிருக்கும். இரண்டும் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு முன்பின்னாக எடுத்தவை. பழைய டிவி அதை அப்படியே காட்டியது, கணினி இரண்டையும் ஒட்டிக் காட்டுவதால்தான் கை அசைந்தால் பல் தெரிகிறது. 'ஃபில்டர்ஸ்' பக்கத்தில் இந்தப் பல்லை நீக்கும் டீஇன்டர்லேஸ் என்ற இடத்தில் டீகாம்ப் அல்லது யாடிஃப் தேர்ந்தெடுங்கள். அதற்குள் 'பாப்' என்ற வகையைக் கொடுத்து, 'வீடியோ' பக்கத்தில் ஃபிரேம் வேகத்தை 50 என்று வைத்தால் இரண்டு பாதியும் தனித்தனி ஃபிரேமாகிவிடும். நாதஸ்வரக்காரரின் விரல் ஓட்டம், பிள்ளைகள் ஓடுவது எல்லாம் பழைய டிவியில் பார்த்த அதே வழுவழுப்போடு வரும். ஃபைல் கொஞ்சம் பெரிதாகும், அது தகும் என்பேன்.

தரம். கோடெக், அதாவது சுருக்கும் முறை, எச்.264 (எக்ஸ்264). எச்.265 இன்னும் சிறியதாகச் சுருக்கும், ஆனால் வீட்டில் இருக்கும் பழைய டிவி பல அதை ஓட்டாது. ஆர்எஃப் என்ற எண் குறையக் குறையத் தரம் கூடும். டிவிடி அளவுப் படத்துக்கு ஹேண்ட்பிரேக்காரர்களே சொல்வது 18 முதல் 22. நான் 19 வைத்தேன். இத்தனை எம்பிக்குள் வர வேண்டும் என்று அளவை வைத்துச் சுருக்கவே வேண்டாம். ஆச்சியின் முகம் திட்டாகப் போனது அதனால்தான். கூட்டம், பூ, ஜரிகை என்று விவரம் அதிகம் உள்ள காட்சிக்கு அதிக இடம் தேவைப்படும், ஆர்எஃப் முறை அதைத் தானே பார்த்துக் கொடுக்கும். எனக்கு ஒரு மணி நேர டிவிடி ஒன்றேகால் ஜிபி அளவில் வந்தது.

ஒலி. ஏஏசி, ஸ்டீரியோ, பிட்ரேட் 160. இது போதும்.

மொத்தத்தையும் ஓட விடுவதற்கு முன்னால் இரண்டு நிமிடம் மட்டும் மாற்றிப் பாருங்கள். எங்கள் எட்டு வருட லேப்டாப்பில் ஒரு மணி நேரப் படத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இரவில் கியூவைத் தொடங்கிவிட்டுப் படுத்தால் காலையில் ஐந்தாறு முடிந்திருக்கும். சார்ஜரைப் போட்டு, தூக்கத்துக்குப் போகாதபடி மாற்றி, மெத்தை மேல் வைக்காமல் மேசையில் வையுங்கள்.

விசிடியைச் சுருக்காதீர்கள். ஏற்கெனவே ஒரு மணி நேரம் 600 எம்பிதான், படமும் சின்னது. சீப்புப் பல் பிரச்சினையும் அதில் கிடையாது. டேட் ஃபைலை விஎல்சி அப்படியே ஓட்டும். ஃபோனுக்கு எம்பி4 வேண்டும் என்றால் விஎல்சியிலேயே மாற்றிச் சேமிக்கலாம், ஆனால் டேட் ஃபைலையும் வைத்திருங்கள்.

8. சரிபார்ப்பது

ஃபைல் வந்துவிட்டது என்பதாலேயே வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். ஒவ்வொன்றிலும் தொடக்கம், நடு, கடைசி ஒரு நிமிடம் பாருங்கள். மொத்த நேரம் டைட்டிலின் நேரத்தோடு பொருந்துகிறதா? மந்திரம் சொல்லும் ஐயரின் உதட்டோடு சத்தம் ஒட்டுகிறதா? அளவுக்கு ஒரு எளிய சோதனை: தாம்பாளத் தட்டோ சுவர்க் கடிகாரமோ வரும் இடத்தில் நிறுத்துங்கள். அது வட்டமாக இருந்தால் சரி. முட்டையாகத் தெரிந்தால் அனமார்ஃபிக் அமைப்பு தப்பு. டிவியில் மட்டும் முட்டையாகத் தெரிந்தால் டிவி தானாக இழுக்கிறது, ரிமோட்டில் படத்தின் அளவை 4:3, அதாவது பழைய டிவியின் அகல உயர விகிதம், ஆக்குங்கள்.

9. வைப்பதும் அனுப்புவதும்

பெயரை வருடத்தில் தொடங்குங்கள்: 2004-அக்கா-கல்யாணம்-1 என்பது போல. வரிசை தானாக அமைந்துவிடும். ஐஎஸ்ஓ, எம்பி4 இரண்டையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும் அதே நகலை இன்னொரு ஹார்ட் டிஸ்க்கிலும் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். ஒன்று அக்கா வீட்டில் இருக்கிறது. பென் டிரைவை மட்டும் நம்ப வேண்டாம். அசல் டிஸ்க்குகளை எறியாமல், உறையில் போட்டு, செங்குத்தாக, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது இன்னொரு முறை நசுக்கிவிடும். டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்புங்கள், 2 ஜிபி வரை போகும். கூகுள் டிரைவில் இலவச இடம் 15 ஜிபி, அதுவும் ஜிமெயில், ஃபோட்டோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து. யூடியூபில் ஏற்ற நினைத்தால் ஒன்று: கல்யாண வீடியோ முழுக்கப் பின்னணியில் சினிமாப் பாட்டுதான் இருக்கும். 'பிரைவேட்' என்று போட்டாலும் பதிப்புரிமைக் கோரிக்கை வந்து சத்தம் அடைபடலாம், படமே தடைபடலாம். அதையே ஒரே நகலாக நம்பியிருக்கக் கூடாது.

10. கடையில்தான் கொடுக்க வேண்டும் என்றால்

நேரம் இல்லாதவர்கள் கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் கொடுப்பதற்கு முன் எல்லா டிஸ்க்கையும் பரப்பி ஃபோனில் படம் எடுங்கள். எண்ணிக்கை எழுதி ரசீது வாங்குங்கள். "ஐஎஸ்ஓவும் எனக்கு வேண்டும்" என்று முதலிலேயே சொல்லுங்கள். "டீஇன்டர்லேஸ் செய்வீர்களா, 4:3 அப்படியே இருக்குமா, ஒரு மணி நேரம் எத்தனை ஜிபி வரும்?" என்று கேளுங்கள். அரை ஜிபிக்குள் என்றால் வேறு கடை பாருங்கள். முதலில் முக்கியமில்லாத ஒன்றை மட்டும் கொடுத்து, வந்ததைப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள்.

11. பெரியவர்களோடு உட்கார்ந்து பாருங்கள்

எல்லாம் முடிந்ததும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனேன். டிவியில் பென் டிரைவைப் போட்டு, யார் யார் என்று கேட்டுக் கேட்டு, நிமிடத்தோடு எழுதினேன். இதற்கு நாள் தள்ளாதீர்கள். எனக்குத் தெரியாத முப்பத்தேழு பேரின் பெயர் அன்று ஒரு மத்தியானத்தில் கிடைத்தது. முதல் சிடி, 12-ஆவது நிமிடம்: ஆச்சி சந்தனக் கிண்ணத்தை இடது கைக்கு மாற்றிவிட்டு, யாரோ ஒரு சின்னப் பையனின் கன்னத்தில் சந்தனம் பூசிச் சிரிக்கிறார். அது யார் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பெரியம்மா ரிமோட்டை வாங்கி மூன்று முறை பின்னால் ஓட்டிப் பார்த்துவிட்டு, "இது உங்க மாமாவோட கடைசிப் பையன், இப்போ துபாயில இருக்கான்ல" என்றார். அன்று இரவே அந்தப் பதினோரு நொடியை மட்டும் வெட்டி அவனுக்கு அனுப்பினேன், டாக்குமென்டாக.